முத்திரை விழாத நாட்கள்

தோ பாயோவில் இருக்கும் என் வீட்டின் சமையலறை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் மை தீர்ந்த பேனாக்களுக்கும் நடுவே ஒரு தேதி முத்திரை கிடக்கிறது. மரக் கைப்பிடி, அதன் அடியில் ஓர் இரும்புச் சட்டம், அதற்குள் நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனித்தனியாக ரப்பர் பட்டைகள். பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை விரலால் திருப்பினால் தேதி மாற வேண்டும். இப்போது மாறுவதில்லை. ரப்பர் இறுகி, அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு வியாழக்கிழமையில் நின்றுவிட்டது. வீட்டை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் என் மருமகள் அதைக் குப்பைப் பையில் போடுவாள். நான் எடுத்துத் திரும்ப உள்ளே வைப்பேன். "வேலையே செய்யலையே மா, எதுக்கு இது?" என்பாள். வேலை செய்யாத சாமான் இந்த வீட்டில் அது ஒன்றுதானா, நானும்தானே இருக்கிறேன் என்பேன். உண்மையில் அது என்னுடையது அல்ல. ஓர் அலுவலகத்தின் சொத்து. திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒருவர் என்னிடம் தந்தார், நான் கொடுக்கவில்லை.

தந்தவரை நாங்கள் பெரிய கிராணி என்று அழைத்தோம். எழுத்தர் வேலை பார்ப்பவரை இந்த ஊர்த் தமிழர்கள் அன்று கிராணி என்றுதான் சொல்வார்கள். அவர் எங்கள் அலுவலகத்தின் தலைமை எழுத்தர், அதனால் பெரிய கிராணி. நான் அங்கே தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அப்பா, அம்மா, தம்பிகள் இருவர், நான் என்று ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அலுவலகம் ஆற்றோரத்தில், கப்பல் சரக்கை இறக்கி, ஆவணம் எழுதி, லாரியில் ஏற்றி அனுப்பும் முகவர்களுக்குப் பொதுவான ஒரு சிறு நிலையம். செயலாளர் ஒரு சீனர், பெரிய கிராணி, இரண்டு எழுத்தர்கள், நான், தேநீர் போடும் ஒரு மலாய்க்கார அம்மா. ஜன்னலைத் திறந்தால் ஆற்று நாற்றமும் கிராம்பு வாசமும் சேர்ந்து வரும். எதற்கு மூக்கைப் பொத்துவது, எதற்குத் திறப்பது என்று தெரியாது.

பெரிய கிராணி ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் நகத்தளவு திருநீறு. எதைப் பார்த்தாலும் "எத்தனை நாள்?" என்று கேட்பது அவர் பழக்கம். தேக்கா சந்தையில் மீன் வாங்கினால், பிடித்து எத்தனை நாள். யாராவது காய்ச்சல் என்றால், வந்து எத்தனை நாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், பார்த்துவிட்டுப் போனவன் பதில் சொல்லாமல் எத்தனை நாள். மற்ற எழுத்தர்கள் அவரைக் காலண்டர் என்று கேலி செய்வார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார். சிறு வயதில் ஊரிலிருந்து கப்பலேறி வந்து, துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் தொடங்கியவர். பிறகு ஒரு கம்பெனி அவரைப் பினாங்குக்கு அனுப்பியது, அங்கிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, இடையில் சில மாதம் சுமத்ராவில் பெலாவானுக்கு. இப்படி நான்கைந்து வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதெல்லாம் இந்தத் தீவை அக்கரையோடு இணைக்கும் ஜோகூர் பாலத்தைக் கடக்க யாரும் கடவுச்சீட்டு கேட்டதில்லை. பினாங்கில் வேலை என்றால் பக்கத்து ஊரில் வேலை என்றுதான் அர்த்தம். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள், இங்கே பிறந்தவள். அந்த வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டியவள். பள்ளி விட்டதும் சில நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மூலை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். போடுகிற கணக்கை அப்பா எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வாள்.

நாடு தனியாகி மூன்று வருஷம்கூட முடியாத காலம் அது. சுற்றியிருக்கும் ஐந்து நாடுகள் சேர்ந்து இனி சண்டை வேண்டாம், வியாபாரம் செய்வோம் என்று கை குலுக்கியிருந்தன. அந்த ஐந்து நாட்டுக் கப்பல் முகவர்களும் கூடிப் பேசப்போகிறார்கள், அதற்கு ஓர் ஒப்பீடு வேண்டும் என்று எங்கள் செயலாளருக்குக் கடிதம் வந்தது. ஒரு பெட்டி கப்பலிலிருந்து இறங்கித் துறைமுக வாசலைத் தாண்ட எந்த நாட்டில் எத்தனை நாள் ஆகிறது? யார் வேகம், யார் தாமதம், எங்கே சிக்குகிறது? இன்று இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. அன்று எங்களுக்கு அது 'நாள் கணக்கு' மட்டும்தான். அந்த வேலைக்குப் பெரிய கிராணியை விட்டால் ஆள் கிடையாது. நாலு துறைமுகத்தின் கல்லும் மண்ணும் தெரிந்தவர், ஐந்து ஊரிலும் கடிதம் எழுதினால் பதில் போடும் கிராணிமார் உள்ளவர். செயலாளர் அந்தக் கடிதத்தை அவர் மேசையில் வைத்தபோது கல்யாணப் பத்திரிகையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் கணக்கு வர வர ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரு துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் போட்ட நாளிலிருந்து எண்ணினார்கள். இன்னொன்றில் சரக்கு கொட்டகைக்குள் வந்த நாளிலிருந்து. வேறொன்றில் வியாபாரி வந்து கேட்ட நாளிலிருந்து. இதையெல்லாம் ஒரே தாளில் எப்படி எழுதுவது? இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டவர், ஒரு நாள் காலையில் வந்ததும் தன் மேசையிலிருந்த தேதி முத்திரையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "இதுதான் தங்கச்சி ஆரம்பம். எல்லா ஊர்லயும் கவுண்டர்ல சாப்பு அடிக்கிறான். பேப்பர் சரியா இருக்குன்னு எப்ப சாப்பு விழுதோ, அதுதான் மொத நாளு. அதுக்கு முன்னாடி எண்ணவே கூடாது." முத்திரையைச் சாப்பு என்பதுதான் எங்கள் பேச்சு. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. "பேப்பர் சரியில்லன்னு திருப்பி அனுப்பினா? அந்த நாளெல்லாம் எங்கண்ணே போகும்?" என்று கேட்டேன். "அது கவுண்டர் தப்பு இல்ல லா, கொண்டு வந்தவன் தப்பு. சாப்பு விழாத நாளு நாளே இல்ல," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் அழகாகத் திருத்தி அட்டவணையின் அடிக்குறிப்பாக என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார். நான்தான் செய்தேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

அந்த விதியை வைத்து எண்ணியதும் எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. முதலிடம் எங்களுக்கு. சாப்பு விழுந்த பெட்டி இரண்டே நாளில் எங்கள் வாசலைத் தாண்டுவதுபோல் வேறு எங்கேயும் தாண்டவில்லை. செயலாளர் அன்று எல்லோருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தண்ணீரைக்கூடப் பக்கத்து நாட்டிலிருந்து வாங்கும் ஊர் நாங்கள், எப்படிப் பிழைக்கப்போகிறீர்கள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டிய காலம். ஏதாவது ஒன்றில் முதலாக வர வேண்டும் என்று எங்களுக்கு அவ்வளவு ஆசை. அட்டவணையின் பிரதி ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்தோம். மறுவாரம் சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு மிளகாய் வியாபாரி வேறு வேலையாக வந்தார். அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த குடையைத் தரையில் தட்டினார். "ரெண்டு நாளா? யாரு சொன்னது ரெண்டு நாளுன்னு? பதிமூணு நாளு என் மொளகா ஷெட்ல கெடந்து பூசணம் புடிச்சிச்சுய்யா! ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர் கொறையுதும்பான். மக்கா நாளு போனா இன்னொரு பேப்பர்ம்பான்!" பெரிய கிராணி அவரை உட்கார வைத்துக் கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். சாப்பு விழுந்த பிறகு எத்தனை நாள் என்று பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாள்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "அப்ப அட்டவணை சரிதானே?" என்றார் பெரிய கிராணி. வியாபாரி கோப்பியைக் குடிக்காமலேயே எழுந்து போனார். நாங்கள் பின்னால் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதே வருஷம்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று வந்தது. வெள்ளைக்காரன் படைத்தளத்தை மூடிக்கொண்டு போகப்போகிறான், இருக்கும் வேலை இந்த ஊர்க்காரர்களுக்கே போதாது என்று சொன்னார்கள். சொன்னதிலும் தப்பில்லை, என் தம்பிகளும் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய கிராணிக்குக் குடியுரிமை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பதுகளின் கடைசியில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்றபோது தேக்கா வட்டாரமே திரண்டு போய் வரிசையில் நின்றது. என் அப்பாகூட வெயிலில் அரை நாள் நின்று பதிந்துவிட்டு வந்தார். அந்த நேரம் பெரிய கிராணி பினாங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஊர் நாடாகும், பக்கத்து ஊர் வெளிநாடாகும் என்று யார் கண்டது?

அவருக்குக் கொடுத்த வேலை அனுமதி அந்த ஆண்டு அக்டோபர்வரைதான். அதற்குள் அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு ஒரு முத்திரை போட்டுவிட்டால் போதும், முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம், மகளோடு இருக்கலாம். முத்திரை விழாவிட்டால் கப்பலேற வேண்டும். விண்ணப்பத்தோடு அவர் காட்ட வேண்டியது, இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்தார் என்பதற்குச் சான்று. அவரிடம் இருந்ததோ இடைவெளி. அந்த நான்கைந்து வருஷமும் சம்பளம் இங்கிருந்துதான் போனது, வாடகை அறையும் இங்கேதான் இருந்தது, பெண்டாட்டியும் பிள்ளையும் இங்கேதான் இருந்தார்கள் என்று காட்டலாம்தான். அதற்குக் கம்பெனி கடிதம் வேண்டும். கம்பெனி மூடிப்போய்விட்டது. எந்தத் துறைமுகங்கள் தெரியும் என்பதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோமோ, அந்தத் துறைமுகங்கள்தான் இப்போது அவர் காலை வாரின.

அவர் குடியுரிமை அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு தடவைக்கும் அரை நாள் விடுப்பு. விடுப்புச் சீட்டைத் தட்டச்சு செய்து செயலாளரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. காலையில் போவார், மதியம் வந்துவிடுவார். "என்னண்ணே, ஆச்சா?" என்று கேட்பேன். "இன்னும் ஒரே ஒரு பேப்பர் தங்கச்சி, அத வாங்கிட்டா முடிஞ்சுச்சு," என்பார். வீட்டுக்காரர் கடிதம் கொண்டுபோனார், அதில் சத்தியப் பிரமாணக் கையெழுத்து இல்லை என்றார்கள். அதையும் போட்டு வாங்கிக் கொண்டுபோனார், வாடகை ரசீது வேண்டும் என்றார்கள். பினாங்கில் பழைய மேலாளரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் வாங்கினார், மூடிய கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிய கடிதம் செல்லாது என்றார்கள். யாரும் அவரை அதட்டவில்லை, விரட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் காகிதக் கட்டைச் சரியாக அடுக்கி, கிளிப்பு மாட்டி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மதியம் வந்து உட்கார்ந்து அதே மரியாதையோடு அவர் ஐந்து நாட்டுப் பெட்டிகளின் நாளைக் கூட்டிக்கொண்டிருப்பார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் யார்மீது கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது, அடுப்பில் வைத்த வெறும் பாத்திரம் மாதிரி சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். என் ஆங்கிலம் அவருடையதைவிடக் கொஞ்சம் சுத்தம், நான் பேசினால் எடுபடும் என்று ஒரு நினைப்பு எனக்கு. விடியற்காலையிலேயே வரிசை தெருவரை இருந்தது. சாயக்காரர்கள், வண்ணார்கள், பால்காரர்கள், படைத்தளத்தில் தோட்டம் போட்டவர்கள், எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதம். எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்தவர் ஒரு தமிழ் இளைஞர், என் வயதுதான் இருக்கும். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுமே இல்லையே. ஃபுல்லா கொண்டு வாங்க, ஒடனே சாப்பு அடிச்சுத் தரேன்," என்றார். நான் குறுக்கே புகுந்தேன். "இவரு எத்தனை தடவை வந்துட்டாருன்னு தெரியுமா உங்களுக்கு? எத்தனை மாசமா நடக்கறாருன்னு பாருங்க!" அந்த இளைஞர் முகம் சுளிக்கவில்லை. பெரிய பதிவேட்டை எடுத்து, பெயரைக் கேட்டு, விரலை வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். மெனக்கெட்டுத்தான் தேடினார். பிறகு நிமிர்ந்து, "இவர் பேரே இல்லையே மிஸ். சாப்பு விழுந்தாத்தான் எண்ட்ரி போடுவோம். புக்குல பாத்தா இவர் இன்னும் வரவே இல்ல," என்றார்.

நான் திரும்பிப் பெரிய கிராணியைப் பார்த்தேன். அவர் அந்தப் பதிவேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாக இருந்த பக்கத்தை, கோடுகளை, தேதிக் கட்டங்களை, ஒரு கிராணி இன்னொரு கிராணியின் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரிதான் தம்பி. புஸ்தகம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிக் கட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பாலம் வந்தபோதுதான், "அந்த மொளகாக்காரரு கோப்பியே குடிக்காமப் போனாரு, பாத்தியா தங்கச்சி," என்றார்.

மறுநாளிலிருந்து அட்டவணையை அவர் திருத்தத் தொடங்கினார். கூட்டத்துக்கு இறுதிப் படி அனுப்ப இன்னும் சில வாரம் இருந்தது. முதல் நாளுக்கு முன்னால் ஒரு புதிய கட்டம் போட்டு, 'முத்திரைக்கு முன் சென்ற நாட்கள்' என்று தலைப்பு எழுதினார். ஐந்து ஊர்க் கிராணிமாருக்கும் கடிதம் போட்டார். காகிதம் திருப்பி அனுப்பப்பட்ட ஆட்கள் எத்தனை நாள் நடந்தார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார். மகள் அன்று மூலை மேசையில் உட்கார்ந்து உறைகளில் தபால்தலை ஒட்டினாள். பதில்கள் வந்தன. எல்லாம் அன்பான பதில்கள். ஒன்றிலும் எண் இல்லை. பினாங்கிலிருந்து அவருடைய பழைய சகா எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார்: "அண்ணே, சும்மா திரும்பிப் போனவனை யாருண்ணே எழுதி வைப்பாங்க?" ஐந்து நாட்டிலும் அந்த நாட்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஐந்து நாடுகளும் ஒற்றுமையாக இருந்தன. கட்டம் காலியாகவே இருந்தது. காலியாகவே இருக்கட்டும், ஆனால் கட்டம் இருக்க வேண்டும் என்றார் அவர்.

செயலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பெரிய கிராணிக்காக இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தவர்தான். காலிக் கட்டத்தை ஐந்து நாட்டுக்காரர்கள் முன்னால் எப்படி வைப்பது, நம் வேலையையே சந்தேகப்படுவார்களே என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அந்தக் கட்டம் இல்லாமல் தட்டச்சு செய்யச் சொன்னார். எங்கள் வீட்டு விண்ணப்பத்துக்கு என் சம்பளச் சான்று வேண்டும், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அதை அவர் சொல்லவில்லை, நினைத்திருக்கவும் மாட்டார். நான் நினைத்தேன். கட்டத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன். பழைய அடிக்குறிப்போடு, பழைய முதலிடத்தோடு, சுத்தமாக. இறுதிப் படியைச் சரிபார்க்கப் பெரிய கிராணியின் மேசையில் வைத்துவிட்டு, என் இடத்தில் வந்து உட்கார்ந்து, இயந்திரத்தில் வெறுந்தாளைச் செருகிக்கொண்டேன். அவர் முழுவதும் படித்தார். கமா விடுபட்டால்கூடச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுகிறவர். ஒரு வட்டமும் போடவில்லை. தேதி முத்திரையை எடுத்து, மைப்பஞ்சில் ஒற்றி, தாளின் மூலையில் நேராகப் பதித்துச் செயலாளர் அறைக்கு அனுப்பிவிட்டார். என்னை அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

கூட்டத்தில் அட்டவணைக்கு நல்ல பெயர் என்று தந்தி வந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை அவருடைய கப்பல். மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை அழைத்துப் போனால் படிப்பு கெடும், விட்டுப் போனால் தனியாகிவிடுவாள். அவள் போக மாட்டேன் என்றாள். பிறகு போகிறேன் என்றாள். கடைசியில் என் அம்மாதான், எங்கள் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடமிருக்கிறது என்று சொன்னார். உண்மையில் இடமில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், வெள்ளிக்கிழமை உட்பட எல்லா நாளும் மீனோ கறியோ இருக்கும், பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அம்மா அவரிடம் கேட்டார். "அவ எல்லாம் சாப்பிடுவாம்மா," என்று சொன்னவர், எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அன்று எங்கு பார்த்தாலும் தகரப்பெட்டிகள். இருபது, முப்பது வருஷம் உழைத்தவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டியோடு நின்றார்கள். பெரிய கிராணியின் பெட்டியில் வெள்ளைச் சாயத்தால் அவர் பெயரும் நாகப்பட்டினம் என்பதும் அழகான எழுத்தில் இருந்தன. அவரே எழுதியது. பெட்டியைக் கவுண்டரில் வைத்ததும் அங்கிருந்தவர் தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், டொக்கென்று சாப்பு அடித்து உள்ளே தள்ளினார். பெரிய கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். நம்ம ஊரு நம்ம ஊருதான் லா," என்று சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் மெய்யாகவே பெருமைப்பட்டார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை. ஏறும் நேரத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய தேதி முத்திரையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நேத்து மறந்து எடுத்துட்டு வந்துட்டேன் தங்கச்சி, ஆபீஸ் சாமான். குடுத்துரு." காலையில் வழக்கம்போல் சக்கரத்தைத் திருப்பி அன்றைய தேதியை வைத்திருந்தார். அந்தக் கை நாற்பது வருஷத்துப் பழக்கத்தில் வைத்துவிட்டது போலும். கப்பல் நகர்ந்தபோது தளத்தில் நின்ற வெள்ளைச் சட்டைகளில் எது அவர் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினோம்.

மகள் எங்களோடு தங்கி நல்ல தேர்ச்சி பெற்றாள். முடிவு வந்த அன்றே அப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். எனக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில், நாகப்பட்டினத்தில் பெட்டி வெளியே வர எத்தனை நாளானது என்று விவரமாக எழுதி, 'இந்த ஊர் நம் அட்டவணையில் இல்லை, ஆனாலும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்' என்று முடித்திருந்தார். வருகை அனுமதிக்கு இரண்டு முறை எழுதிப் போட்டார். மூன்றாவது முறைக்கு அவர் இல்லை. மகள் ஆசிரியையாகி, சுவா சூ காங்கில் குடியேறி, இப்போது அவளும் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். பொங்கலுக்கு என்னைப் பார்க்க வருவாள். அட்டவணையில் நான் விட்ட கட்டத்தைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன், பால் பொங்குவதற்குள் பேச்சு எங்காவது போய்விடும்.

போன மாதம் பேரன் கைப்பேசியில் ஏதோ செய்தியைக் காட்டினான். இந்த வட்டார நாடுகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், சரக்கு அனுப்புவதில், சுங்கத்தில், நேரத்துக்குச் சேர்ப்பதில். ஐந்தாக இருந்தது இப்போது கூடியிருக்கிறது. நம் ஊர்தான் மேலே. "பாட்டி, நம்பர் ஒன்!" என்றான். எப்போதிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. அடிக்குறிப்பு இருக்கிறதா பார் என்றேன். அதெல்லாம் இதில் வராது பாட்டி என்று சொல்லி, எனக்காக அதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை.

அவன் போன பிறகு சமையலறை மேசையில் அந்தத் தாளை விரித்து, அளவுகோல் வைத்து, முதல் கட்டத்துக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தேன். தலைப்பு எழுதினேன், அவர் எழுதிய அதே சொற்கள். எங்கள் ஊருக்கு நேரே மட்டும் ஓர் எண் என்னிடம் இருந்தது. விடுப்புச் சீட்டுகளைத் தட்டச்சு செய்தவள் நான்தானே, எண்ணாமல் இருப்பேனா? பதினேழு. பதினேழு முறை அவர் அந்தக் கவுண்டருக்குப் போனார். எழுதிவிட்டு இழுப்பறையைத் திறந்து தேதி முத்திரையை எடுத்தேன். சக்கரம் திரும்பவில்லை, வியாழக்கிழமையிலேயே இருந்தது. இருக்கட்டும் என்று தாளின் மூலையில் வைத்து, அவர் செய்வதுபோல நேராகப் பிடித்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். மைப்பஞ்சு இல்லாமல் எத்தனை வருஷம். எடுத்துப் பார்த்தேன். தாளில் ஒன்றும் விழவில்லை.